ஓரம் வெட்டின கார்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். பர்ஸ்ல இருந்து உங்க ஏ.டி.எம். கார்டை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கோங்க. வண்டி ஓட்டிட்டு இருக்கிறவங்க வேண்டாம், நீங்க ரோட்டைப் பாருங்க. இப்போ அந்தக் கார்டு நாலு பக்கமும் கொஞ்சம் பெருசாகி, பிளாஸ்டிக்குக்குப் பதிலா காகித அட்டையா மாறுதுன்னு நினைச்சுக்கோங்க. ரெண்டரை இஞ்ச் அகலம், மூணரை இஞ்ச் உயரம். முன்பக்கம் ஒரு ஆட்டக்காரரோட படம், பேர், டீம். பின்பக்கம் பொடி எழுத்துல அவர் எத்தனை மேட்ச் ஆடினார், எத்தனை ஹிட், எத்தனை ஹோம் ரன்னு ஒரு கணக்கு. இதுதான் பேஸ்பால் கார்டு.

நைன்டீஸ் கிட்ஸுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டாம். ட்ரம்ப் கார்டு ஆடினவங்கதானே நாம. அண்டர்டேக்கரோட உயரம், எடை, பைசெப்ஸ் சைஸ் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அமெரிக்காவுல இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. 1880-கள்லயே சிகரெட் பாக்கெட்டுக்குள்ள பேஸ்பால் கார்டு வந்துடுச்சு. அப்புறம் மிட்டாயோட வந்துச்சு, அதுக்கப்புறம் பபிள்கம்மோட. பசங்க கம்மை மென்னுட்டு கார்டைச் சேர்த்தாங்க. சைக்கிள் சக்கரக் கம்பியில கிளிப் போட்டு மாட்டி, மோட்டார் பைக் மாதிரி சத்தம் வர வச்சாங்க. காலேஜுக்குப் போனதும் அம்மாக்கள் அட்டைப் பெட்டியோட தூக்கிக் குப்பையில போட்டாங்க. தப்பிச்சு மிஞ்சினதுதான் இன்னிக்கு சேகரிக்கிறவங்க கையில இருக்கு.

என்கிட்ட இப்போ 212 கார்டு இருக்கு. எல்லாத்தையும் வித்தாலும் இப்போ நான் பேசிட்டு இருக்கிற மைக்கை வாங்கலாம், போனை வாங்க முடியாது. அந்த 212-ல ஒண்ணைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறேன். அது கோளாறான கார்டு. அதை வச்சு நானும் ஒரு தப்பு பண்ணப் பார்த்தேன்.

2022-ல கம்பெனி என்னை பிட்ஸ்பர்க்குக்கு ஆன்சைட் அனுப்புச்சு. பிட்ஸ்பர்க்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு பென் ஹில்ஸ் பெருமாள் கோவில்தான் ஞாபகம் வரும். ஃபிளைட் ஏறும்போது எனக்கும் அது மட்டும்தான் தெரியும். ஆகஸ்ட் மாசக் கடைசியில ஆபீஸ்ல எல்லாரும் ஒரே செய்தியைப் பேசிட்டு இருந்தாங்க. 1952-ல டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேண்டில் கார்டு ஒண்ணு ஏலத்துல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிருக்கு. நம்ம காசுல நூறு கோடி. ஒரு அட்டைக்கு!

அந்தக் கார்டு ஏன் அவ்வளவு அரிதுன்னு தேடினப்போ இன்னும் ஆச்சரியமா இருந்துச்சு. 1952 வரிசையில மொத்தம் 407 கார்டு. மேண்டில் 311-வது. அந்தக் கடைசித் தொகுதி கடைக்கு வர்றதுக்குள்ள சீசன் முடியிற நேரம் ஆகிடுச்சு, பசங்க யாரும் வாங்கல. மிச்சமானது வருஷக்கணக்கா கிடங்குல தூங்குச்சு. அந்த வரிசையை வடிவமைச்ச சை பெர்கரே 1960-ல இடத்தைக் காலி பண்றதுக்காக அதையெல்லாம் ஒரு படகுல ஏத்தி அட்லாண்டிக் கடல்ல கொட்ட வச்சார். அவரே பல பேட்டிகள்ல சொன்ன கதை இது.

இதைக் கேட்டதும் நான் என்ன பண்ணியிருப்பேன்? இன்ஜினியர்தானே, எக்செல் ஷீட் போட்டேன். எந்த ஆட்டக்காரர், எந்த வருஷம், எந்த கிரேடு, அஞ்சு வருஷத்துல விலை எவ்வளவு ஏறியிருக்கு. மியூச்சுவல் ஃபண்ட் பார்க்கிற அதே கண்ணோட பார்த்தேன். பேஸ்பால்ல ஒரு முழு மேட்ச் கூட அப்போ நான் பார்த்ததில்ல.

அந்த ஷீட்ல என் பட்ஜெட்டுக்குள்ள வந்த ஒரே பெரிய பேரு கிளெமெண்டே. பேர் எனக்குப் பழக்கமா இருந்துச்சு. ஊர் நடுவுல அலெகெனி ஆத்து மேல, பைரேட்ஸ் டீமோட மைதானத்துக்குப் போற மஞ்சள் பாலத்துக்கு ரொபெர்ட்டோ கிளெமெண்டே பாலம்னு பேரு. நான் இருந்த காலத்துல பழுது பார்க்கிறதுக்காக அதை மூடி வச்சிருந்தாங்க, அதனால அந்தப் பேரை தினமும் டிராஃபிக் அறிவிப்புல கேட்பேன். சரி, ஊர்க்காரர்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 260 டாலருக்கு வாங்கினேன். 1968 டாப்ஸ், நம்பர் 150. அந்த வருஷக் கார்டுகளுக்கு ஓரம் முழுக்க சாக்குத் துணி மாதிரி ஒரு டிசைன். நாலு முனையும் ஊசி மாதிரி கூர்மை. 54 வருஷப் பழசுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

நானும் நம்பியிருக்கக் கூடாது.

கிரேடிங் எப்படி நடக்குதுன்னு சொல்லிடுறேன். கார்டை ஒரு மதிப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பணும். அவங்க முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவுல இருக்கான்னு எல்லாம் பார்த்து 1-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு சீல் பண்ணி அனுப்புவாங்க. அதுக்குப் பேரு ஸ்லாப். ஒரு மார்க் கூடினா விலை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகும். நானும் அனுப்பினேன். மூணு மாசம் கழிச்சு திரும்பி வந்துச்சு. ஸ்லாப் இல்ல, மார்க்கும் இல்ல. சீட்டுல ஒரே வரி. ஓரம் வெட்டப்பட்டிருக்கு, மதிப்பெண் தர முடியாது.

விஷயம் ரொம்ப சிம்பிள். பழைய கார்டுக்கு முனை மழுங்கிப் போகும். ஸ்டீல் ஸ்கேலை வச்சு பிளேடால ஒரு மயிரிழை சீவினா முனை திரும்பக் கூர்மையாகிடும். கார்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகும். பழசைப் புதுசா காட்டுற வேலை. இதுக்கு ட்ரிம்மிங்னு பேரு. சேகரிக்கிற உலகத்துல இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. உலகத்திலேயே பிரபலமான பேஸ்பால் கார்டே ஓரம் வெட்டினதுதான். அதுவும் ஒரு பிட்ஸ்பர்க் ஆட்டக்காரரோடது. ஹோனஸ் வாக்னர். 1909-ல இருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுல வந்த டி206 வரிசை. வாக்னர் கார்டை சீக்கிரமே அச்சடிக்கிறதை நிறுத்திட்டாங்க. அவர்தான் வேண்டாம்னு சொன்னார். சின்னப் பசங்க என் படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாதுன்னு நினைச்சார்னு ஒரு கதை, காசு கொடுக்கலங்கிற கோபம்னு இன்னொரு கதை. மனுஷன் புகையிலை மெல்லுறவர்தான். எது எப்படியோ, அந்தக் கார்டு இன்னிக்கு உலகத்துல அறுபது சொச்சம்தான் இருக்கும்னு சொல்றாங்க.

அதுல ரொம்ப அழகான ஒண்ணை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரோட டீம் ஓனரும் சேர்ந்து 1991-ல 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்துல எடுத்தாங்க. பி.எஸ்.ஏ. கம்பெனி மார்க் போட்ட முதல் கார்டு அது, 10-க்கு 8. அதுக்கு முன்னாடி அதைக் கைமாத்தின பில் மாஸ்ட்ரோங்கிற வியாபாரி, 2013-ல சிகாகோ கோர்ட்டுல வேறொரு ஏல மோசடி வழக்குல நின்னப்போ, அந்தக் கார்டோட ஓரத்தை வெட்டினது நான்தான்னு ஒத்துக்கிட்டார். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அது 28 லட்சம் டாலருக்கு வித்திருந்துச்சு. கோடிக்கணக்குல போற கார்டுன்னா வெட்டு கூட வரலாறு ஆகிடும். என்னோட 260 டாலர் கார்டுக்கு அந்தச் சலுகை இல்ல.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

ஒரு பிரெண்டுகிட்ட புலம்பினேன். அவன் சாதாரணமா சொன்னான், "ஸ்லாப்ல வரல இல்ல? சீட்டைத் தூக்கிப் போடு. ரா கார்டுன்னு போட்டு வித்துடு. உனக்கு வித்தவனும் அதைத்தானே பண்ணினான்?" கேட்க நியாயமா இருந்துச்சு. இதுல நான்தான் ஏமாந்தவன், என் காசை நான் திரும்ப எடுக்கிறேன், அவ்வளவுதானே. அன்னிக்கு ராத்திரியே லிஸ்டிங் போட்டேன். முனைகள் கூர்மை, நிறம் பளிச், கிரேடு பண்ணாதது. இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்க வேண்டியிருந்துச்சு. அப்பவே புரிஞ்சிருக்கணும்.

மறுநாள் ஒருத்தர் மெசேஜ் அனுப்பினார். விலை பேசல. "கார்டை ஸ்கேல் வச்சு அளந்து ஒரு போட்டோ போட முடியுமா?" அவ்வளவுதான் கேட்டார்.

இதுவரைக்கும் நான் அதை அளந்ததே இல்ல. மேஜையில வச்சு, பக்கத்துல அதே 1968 வரிசையோட ஒரு டாலர் கார்டையும் வச்சு, ஸ்கேலை எடுத்தேன். உயரம் சரியா இருந்துச்சு. அகலத்துல வலது பக்கம் ஒரு கோடு அளவுக்குக் குறைஞ்சது. சாக்குத் துணி டிசைன் இடது பக்கம் அகலமா, வலது பக்கம் ஒல்லியா இருந்துச்சு. தெரிஞ்சப்புறம் வேற எதுவுமே கண்ணுல படல. ஸ்கேலைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு போட்டோ எடுத்தா சரியா இருக்கிற மாதிரி காட்டலாம். சாய்ச்சும் பார்த்தேன். இதை இங்க சொல்லாம விட்டா இந்த எபிசோடே பொய்யாகிடும், அதனால சொல்றேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்குப் பதில் எழுதினேன். ஓரம் வெட்டினது, கிரேடிங்ல திருப்பி அனுப்பிட்டாங்க, லிஸ்டிங்கை எடுத்துடுறேன்னு. காலையில ஒரு வரி வந்துச்சு: "சொன்னதுக்கு நன்றி." திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்.

அப்போ எக்செல் ஷீட்ல அந்த வரிசைக்கு மதிப்பு பூஜ்யம். விக்க முடியாதுன்னு ஆனப்புறம்தான் நான் அந்தக் கார்டை முதல் தடவையா உட்கார்ந்து பார்த்தேன். விலை இல்ல, மார்க் இல்ல, ஒரு மனுஷனோட படம். கீழ பேர் போட்டிருக்கு. பாப் கிளெமெண்டே.

பாப்? பாலத்துக்குப் பேரு ரொபெர்ட்டோ. மைதானத்து வாசல்ல இருக்கிற சிலையிலயும் ரொபெர்ட்டோ. கார்டுல ஏன் பாப்?

அங்கதான் தொடங்குச்சு. ரொபெர்ட்டோ கிளெமெண்டே 1934-ல போர்ட்டோ ரீகோ தீவுல கரோலினாங்கிற ஊர்ல பிறந்தவர். கறுப்பர், தாய்மொழி ஸ்பானிஷ். 1955-ல பிட்ஸ்பர்க் டீமுக்கு வந்தார். அந்த வருஷம் வந்த அவரோட முதல் டாப்ஸ் கார்டுல ரொபெர்ட்டோன்னுதான் போட்டிருக்கும். அப்புறம் வருஷக்கணக்கா பாப் ஆக்கிட்டாங்க. அமெரிக்க வாய்க்கு அது சுலபம். பத்திரிகைக்காரங்க அவர் பேசின இங்கிலீஷை உச்சரிப்புப் பிழையோட அப்படியே எழுத்துக் கூட்டி அச்சடிச்சு சிரிச்சாங்க. அவர் பாப்ங்கிற பேரை ஏத்துக்கல, ரொபெர்ட்டோன்னே சொல்லிக்கிட்டார். 1966-ல லீகோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அதுக்கப்புறம் வந்த என்னோட 1968 கார்டுலயும் அவர் பாப்தான்.

1971-ல பிட்ஸ்பர்க் உலகத் தொடர்ல ஜெயிச்சுச்சு, தொடரோட நாயகன் கிளெமெண்டே. நாடே பார்க்கிற டி.வி. பேட்டியில அவர் முதல்ல இங்கிலீஷ்ல பேசல. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு, ஸ்பானிஷ்ல தன் அப்பா அம்மாகிட்ட ஆசீர்வாதம் கேட்டார்.

இந்த இடத்துல எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல அதை விரிச்சு எழுதினா அப்பா பேரு 'கடைசிப் பேரு' ஆகிடும். பிட்ஸ்பர்க் ஆபீஸ்ல முதல் ரெண்டு மாசம் என்னை எங்க அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அவர் மதுரையில சாப்பிட்டுத் தூங்கப் போற நேரத்துல, இங்க தினமும் காலை ஸ்டாண்டப் மீட்டிங்ல அவர்கிட்ட ஸ்டேட்டஸ் கேட்டாங்க. அப்புறம் என் பேரைச் சரியா சொல்ல முயற்சி பண்ணி, வாய் சுளுக்கி, முதல் ரெண்டு எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தல. "அப்படியே கூப்பிடுங்க, பரவாயில்ல"ன்னு நானேதான் சொன்னேன்.

கிளெமெண்டேயோட கதைக்கே வர்றேன். பேஸ்பால்ல பந்தை அடிச்சுட்டு பத்திரமா பேஸ் போய்ச் சேர்ந்தா அது ஒரு ஹிட். 3000 ஹிட்ங்கிறது பெரிய மைல்கல், கிரிக்கெட்ல டெஸ்ட்ல பத்தாயிரம் ரன் எடுக்கிற மாதிரி வச்சுக்கோங்க. 1972 செப்டம்பர் 30 அன்னிக்கு அவர் 3000-வது ஹிட்டை அடிச்சார். அந்த உயரத்தைத் தொட்ட 11-வது ஆள். அதுக்கப்புறம் அந்த லீக் சீசன்ல அவர் பேட் பிடிக்கல. பிளே ஆஃப் ஆடினார், டீம் தோத்துச்சு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு ஊருக்குப் போனார்.

டிசம்பர் 23-ல நிகரகுவா நாட்டுல மனாகுவா நகரத்தை நிலநடுக்கம் அழிச்சுச்சு. கிளெமெண்டே போர்ட்டோ ரீகோவுல நிவாரணப் பொருள் சேகரிச்சு விமானத்துல அனுப்பினார். அங்க ஆட்சியில இருந்தவங்களோட ஆளுங்க அதைத் திருடுறாங்கன்னு தகவல் வந்துச்சு. நான் கூடவே வந்தா திருட மாட்டாங்கன்னு டிசம்பர் 31 ராத்திரி அவரே ஏறினார். பழைய டி.சி.-7 விமானம், அளவுக்கு மீறின பாரம். கிளம்பின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடுச்சு. அவர் உடல் கிடைக்கவே இல்ல. வயசு 38. ஹிட் கணக்கு சரியா 3000-த்துல நின்னுடுச்சு.

ஓய்வு பெற்று அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்கணும்னு விதி. அவருக்காக அதைத் தளர்த்தி 1973-லயே சேர்த்தாங்க. லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்கள்ல அவர்தான் முதல் ஆள். கூப்பர்ஸ்டவுன்ல அவருக்கு வெண்கலப் பலகை வச்சாங்க. அதுல என்ன பேர் எழுதினாங்க தெரியுமா? ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமெண்டே. ஸ்பானிஷ் வழக்கத்துல அப்பா வழிப் பேர் முதல்ல, அம்மா வழிப் பேர் கடைசியில வரும். அவர் ரொபெர்ட்டோ கிளெமெண்டே வாக்கர். அமெரிக்க வழக்கப்படி அம்மா பேரை நடுவுல செருகிட்டாங்க. இதைத் திருத்தி புதுப் பலகை வச்சது 2000-ல. 27 வருஷம் ஆச்சு, இறந்தவரோட பேரைச் சரியா எழுத.

என் கையில இருந்த கார்டுல வலது ஓரத்தை யாரோ பிளேடு வச்சு சீவியிருக்காங்க, பேரை அதுக்கு முன்னாடியே அச்சகத்துல சீவிட்டாங்க. முதல் வெட்டைப் பிடிக்க மார்க் போடுற கம்பெனி இருக்கு. ரெண்டாவது வெட்டோட ஒரு 1968 கார்டு 10-க்கு 10 வாங்கலாம்.

அதுக்கப்புறம் நான் சேகரிக்கிற விதமே மாறிடுச்சு. எக்செல் ஷீட்டை மூடினேன். ஊர்ல மாசம் ஒரு தடவை நடக்கிற கார்டு ஷோவுக்குப் போக ஆரம்பிச்சேன். பெரிய ஹால், வரிசையா மடக்கு மேஜை, எல்லாம் ரிட்டயர் ஆன பெருசுங்க. ஒவ்வொரு மேஜைக்குக் கீழயும் ஒரு டாலர் பெட்டி இருக்கும். யாருக்கும் வேண்டாத, நட்சத்திரம் இல்லாத ஆட்டக்காரங்க. இவங்களை 'காமன்'னு சொல்வாங்க. முனை மடிஞ்சது, பேனாவால கிறுக்கினது, கம் ஒட்டின கறையோட இருக்கிறது. நான் அங்கதான் உட்காருவேன். எனக்கு ஒரே ஒரு விதி. வாங்கின கார்டை ஸ்லீவுக்குள்ள போடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் முழுசா படிக்கணும், அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தேடணும்.

அப்படிக் கிடைச்சவர்தான் ஆண்டி பாஃப்கோ. மில்வாக்கி பிரேவ்ஸ் டீம்ல இருந்தப்போ வந்த கார்டு, நடுவுல ஒரு மடிப்பு, மூணு டாலர். மேஜைக்காரப் பெரியவர் சிரிச்சுட்டே கேட்டார், "பாஃப்கோவா? ரப்பர் பேண்ட் கதை தெரியுமா உனக்கு?" கோடிக்குப் போன மேண்டில் இருக்கிற அதே 1952 வரிசையில நம்பர் 1 பாஃப்கோதான். பசங்க கார்டை நம்பர்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவாங்க. மேல இருக்கிறது நம்பர் 1. அதனால அந்த வருஷ பாஃப்கோ எல்லாத்துக்கும் ஓரத்துல ரப்பர் பேண்ட் வெட்டு. நல்ல நிலையில ஒண்ணு கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

ஆளும் அப்படித்தான், அடி வாங்கற இடத்துல நின்னவர். 1951 அக்டோபர் 3, நியூயார்க். டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் லீக் பட்டத்துக்கு மோதின கடைசி மேட்ச். கடைசி நேரத்துல ஜயன்ட்ஸோட பாபி தாம்சன் அடிச்ச ஹோம் ரன், பேஸ்பால் வரலாற்றுலயே பிரபலமான அடிகள்ல ஒண்ணு. இடது பக்கச் சுவர்கிட்ட போய் அண்ணாந்து பார்த்துட்டு நின்ன டாட்ஜர்ஸ் ஃபீல்டர் பாஃப்கோ. எல்லாருக்கும் தாம்சன் பேர் ஞாபகம் இருக்கு. சுவர்கிட்ட நின்னவரும் பதினேழு சீசன் ஆடினார், 2013 வரைக்கும் 92 வயசு வாழ்ந்தார்.

இன்னொருத்தர் கென் ஹப்ஸ். சிகாகோ கப்ஸ் டீம். 1962-ல சிறந்த புதுமுகம் விருது, வரிசையா 78 மேட்ச்ல ஒரு பிழை கூட இல்லாம ஃபீல்டிங். விமானத்துல போறதுன்னா அவருக்குப் பயம். அந்தப் பயத்தை ஜெயிக்கணும்னு தானே விமானம் ஓட்டக் கத்துக்கிட்டார். 1964 பிப்ரவரியில யூட்டாவுல அவர் ஓட்டின சின்ன விமானம் பனிப் புயல்ல விழுந்துச்சு. வயசு 22. அந்த வருஷ டாப்ஸ் வரிசையில 550-வது கார்டு அவருக்கு. மத்த எல்லாக் கார்டுல இருந்தும் வேற டிசைன், மேல 'நினைவாக'ன்னு போட்டிருக்கும். யோசிச்சுப் பாருங்க, ஒரு பத்து வயசுப் பையன் கம் வாங்கிப் பாக்கெட்டைப் பிரிக்கிறான், உள்ள ஒரு இரங்கல் செய்தி. என்கிட்ட இருக்கிறது முனையெல்லாம் மழுங்கினது. எத்தனையோ கை பட்டது. அதை ஒரு பையன் அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கான்னு நான் நினைச்சுக்கிறேன். மார்க் போடுறவங்க கணக்குல அது தேய்மானம்.

சரி, கார்டே இல்லாதவங்க? பிட்ஸ்பர்க்லயே இருந்தார் அப்படி ஒருத்தர். ஜாஷ் கிப்சன். கறுப்பர்கள் பெரிய லீக்ல ஆடக் கூடாதுன்னு இருந்த காலத்துல, நீக்ரோ லீக்ல ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் டீம்களுக்கு ஆடினவர். பந்தை அவர் அடிக்கிற அடியைப் பார்க்கவே கூட்டம் வருமாம். அமெரிக்காவுல கம்மோட வந்த பெரிய கார்டு வரிசைகள் எதுலயும் அந்த லீக் ஆட்டக்காரங்க கிடையாது. கிப்சன் 1947 ஜனவரியில 35 வயசுல இறந்தார். ஜாக்கி ராபின்சன் அந்த நிறத் தடையை உடைச்சு பெரிய லீக் மைதானத்துல இறங்கினது அதே வருஷம் ஏப்ரல் 15. மூணு மாசம்தான் வித்தியாசம்.

அலெகெனி கல்லறைத் தோட்டத்துல கிப்சனைப் புதைச்ச இடத்துல 1975 வரைக்கும் பேர் எழுதின கல் கூட இல்ல. 1972-லயே அவரை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாச்சு, கல்லறையில பேர் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய் நின்னுட்டு வந்தேன். 2024-ல நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன்னோட கணக்குல சேர்த்தப்போ, வாழ்நாள் பேட்டிங் சராசரியில கிப்சன் .372-ஓட முதலிடத்துக்கு வந்துட்டார். அதுவரைக்கும் முதல்ல இருந்த டை காப் .367. கணக்கைச் சேர்த்துட்டாங்க, நல்ல விஷயம். ஆனா அந்த 1930-கள்ல ஒரு பையன் பாக்கெட்டைப் பிரிச்சு கிப்சன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய நாள் திரும்ப வராது.

முடிக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ஒருத்தர். ஆட்டக்காரர் இல்ல. ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்துல சிராக்யூஸ் நகரத்துல ஒரு எலெக்ட்ரிகல் கம்பெனி தொழிலாளி. கடுமையான மூட்டுவாதம். இந்தக் கார்டுகளை யாரும் பொருட்டா நினைக்காத காலத்துல எல்லாத்துக்கும் பட்டியல் போட்டவர். டி206-ங்கிற பேரே அவர் வச்சதுதான், 'டி'ன்னா டொபேக்கோ, புகையிலைன்னு அர்த்தம். மூணு லட்சத்துக்கும் மேல அச்சட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு இலவசமா கொடுத்தார். அதுல பேஸ்பால் கார்டு மட்டும் முப்பதாயிரம் சொச்சம். வளைஞ்ச விரலோட, வருஷக்கணக்கா மியூசியத்துல உட்கார்ந்து, ஒவ்வொண்ணா ஆல்பத்துல பசை வச்சு ஒட்டினார். 1963 ஜனவரியில அந்த வேலையை முடிச்சார், மார்ச்ல இறந்துட்டார்.

பசை வச்சு ஒட்டினார்! இன்னிக்கு எந்த மார்க் போடுற கம்பெனிக்கு அனுப்பினாலும் 'சேதம்'னு திருப்பி அனுப்புவாங்க. அவருக்கு அது சேதமா தெரியல. யாரும் தொலைஞ்சு போகாம ஒரே இடத்துல இருக்கணும், தேடி வர்றவங்க பார்க்கணும், அதுக்குப் பசை தேவைப்பட்டுச்சு.

நான் சென்னைக்குத் திரும்பி வந்தப்போ 212 கார்டையும் ஷூ பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தேன். 211 அந்தப் பெட்டியிலதான் இருக்கு. அந்த 1968 கார்டு மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில என் மானிட்டர் பக்கத்துல நிக்குது. உறையோட பின்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கேன். எனக்கப்புறம் இது யார் கையில போனாலும் அவங்களுக்குத் தெரியணும்னு ரெண்டே வரி எழுதியிருக்கேன்.

'வலது ஓரம் வெட்டப்பட்டது. இவர் பெயர் ரொபெர்ட்டோ.'

புது புராஜெக்ட் கால்ல போன வாரம் ஒருத்தர் என்னை எப்படிக் கூப்பிடணும்னு கேட்டார். முழுப் பேரையும் சொன்னேன். மூணாவது தடவை அவருக்குச் சரியா வந்துடுச்சு.

உங்க வீட்டுப் பரண்ல பழைய ட்ரம்ப் கார்டு, கிரிக்கெட் ஸ்டிக்கர் ஏதாவது கிடந்தா எடுத்துப் பாருங்க. விலை தேடுறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற ஆளைத் தேடுங்க. யார் கிடைச்சாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்கலாம். இப்போ அந்த ஏ.டி.எம். கார்டை மறக்காம பர்ஸ்ல வைங்க. பார்ப்போம்.